சத்தத்தால் திரும்பும் வெளிச்சம்

"செகண்டுக்கு எத்தனை ஃபிரேம்ண்ணே?"

திருச்சி திருவானைக்காவல் கடைத்தெருவில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம். என் கைபேசியில் ஓடிய படத்தை எட்டிப் பார்த்த தம்பியின் முதல் கேள்வி இதுதான். அவர் கல்யாண வீடியோ எடுப்பவர். எதைப் பற்றிய படம் என்று கேட்பதற்கு முன்னால் எப்படி எடுத்தார்கள் என்று கேட்பது தொழில் புத்தி. படத்தில் இருந்தது உயிரோடு விழித்திருக்கும் ஒரு சுண்டெலியின் மூளை. கறுப்புத் திரையில் அங்கங்கே பச்சைப் புள்ளிகள் மினுக்கி மினுக்கி அணைந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு நரம்புச் செல்.

சரியான கேள்வி. மைக்ரோஸ்கோப் என்றால் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்றுதான் நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் வெங்காயத் தோலைப் பார்த்த பழக்கம். பெரிதாக்குகிற கதை 19-ஆம் நூற்றாண்டிலேயே பெரும்பாலும் முடிந்துவிட்டது. ஒளியின் அலைநீளத்தில் சுமார் பாதிக்குக் கீழே இருப்பதைச் சாதாரண லென்ஸால் பிரித்துக் காட்ட முடியாது என்று 1873-இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் அபே கணக்குப் போட்டுச் சொன்னார். அந்த எல்லையைத் தாண்டும் வித்தைகள் பின்னால் வந்தன, 2014-இல் நோபல் பரிசும் வாங்கின. உயிருள்ள திசுவைப் பார்க்க உட்காருபவருடைய தலைவலி வேறு. அவருக்கு வேண்டியது ஆழமும் நேரமும்.

ஆழத்தை முதலில் பார்த்துவிடலாம். "பொண்ணு முகம் மட்டும் ஷார்ப்பா, பின்னாடி சீரியல் லைட்டெல்லாம் மங்கலா எடுப்பீங்கல்ல?" என்றேன்.

"லென்ஸை ஃபுல் ஓப்பன்ல வச்சா அப்படித்தாண்ணே வரும்."

நல்ல மைக்ரோஸ்கோப் லென்ஸ் எப்போதுமே அப்படி முழுதாகத் திறந்து வைத்த லென்ஸ்தான். ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் தடிமனில் ஒரு தளம் தெளிவாக இருக்கும். அதற்கு மேலேயும் கீழேயும் இருப்பதெல்லாம் மங்கலாகி அதே படத்தின் மேல் வந்து படியும். தில்லைநகர்ப் பக்கத்துப் பரிசோதனைக் கூடங்களில் இதற்கு வழி இருக்கிறது: திசுவை மெழுகில் பதித்து, நாலைந்து மைக்ரோமீட்டர் சீவலாக வெட்டி, சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். மேலும் கீழும் எதுவுமே இல்லையென்றால் மங்கல் எங்கிருந்து வரும்? ஆனால் அது செத்த திசு. துடிக்கிற இதயத்தையும் யோசிக்கிற மூளையையும் கத்தியால் சீவ முடியாது. வெளிச்சத்தால்தான் சீவ வேண்டும்.

1957-இல் மார்வின் மின்ஸ்கி காப்புரிமைக்கு விண்ணப்பித்த கன்ஃபோகல் மைக்ரோஸ்கோப் அதற்கு ஒரு வழி. செயற்கை நுண்ணறிவின் முன்னோடி என்று பின்னால் பெயரெடுத்த அதே மின்ஸ்கிதான். ஒரு புள்ளியில் மட்டும் ஒளியைக் குவித்து, திரும்பி வரும் ஒளியை ஊசித்துளை வழியாக வடிகட்டுவது. மங்கல் ஒளி துளைக்கு வெளியே விழுந்து போய்விடும். படம் பளிச்சென்று வரும். ஆனால் ஒரு புள்ளியைப் பார்ப்பதற்காக அதற்கு மேலும் கீழும் உள்ள திசு முழுவதும் லேசரில் குளிக்கிறது. அங்கிருந்து வரும் ஒளியைத் துளை தூக்கிப் போட்டுவிடுகிறது. செல்லுக்குள் ஏற்றிய ஒளிரும் சாயம் வெளுத்துப் போகும். கூடவே வேண்டாத வேதிப்பொருள்கள் உண்டாகிச் செல்லையே கெடுக்கும். ஒவ்வொரு செல்லும் இவ்வளவு ஒளியைத்தான் தாங்கும் என்று ஒரு கணக்கு உண்டு. நல்ல மைக்ரோஸ்கோப் அதில் சிக்கனமாக இருக்க வேண்டும்.

டீக்கடைக்காரரிடம் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரும் ஒரு கரண்டிப் பாலும் கேட்டு வாங்கினேன். தம்பியின் சாவிக்கொத்தில் சிவப்பு லேசர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. யார் கண்ணிலும் படாதபடி, டம்ளரின் பக்கவாட்டில் அதைப் பிடிக்கச் சொன்னேன். வெறும் தண்ணீரில் ஒளி போவதே தெரியவில்லை. ஒரே ஒரு சொட்டுப் பாலை விட்டுக் கலக்கியதும் சிவப்புக் கோடு ஒன்று டம்ளருக்குள் நீட்டி நின்றது. கோடு போகும் இடம் மட்டும் வெளிச்சம், மற்ற இடமெல்லாம் இருட்டு. நாங்கள் பார்த்தது மேலிருந்து. ஒளி வந்தது பக்கத்திலிருந்து.

சுமார் 1903-இல் ஜெர்மனியில் சீடன்டோப்பும் சிக்மோண்டியும் செய்தது இதைத்தான். கண்ணாடியில் கலந்திருந்த தங்கத் துகள்களைப் பக்கவாட்டு ஒளியில் பார்த்தார்கள். சிக்மோண்டிக்கு 1925-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் கிடைத்தது. உயிரியல்காரர்கள் இந்த யோசனையை எடுத்துக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. 2004-இல் ஹைடல்பெர்க்கில் யான் ஹுய்ஸ்கன், எர்ன்ஸ்ட் ஸ்டெல்சர் குழுவினர் லேசரைக் கோடாக இல்லாமல் மெல்லிய தகடாக விரித்து, அதை உயிருள்ள மீன் கருவுக்குள் பக்கவாட்டில் செலுத்தி, செங்குத்தாக இன்னொரு லென்ஸ் வைத்துப் படமெடுத்தார்கள். ஒளித்தாள் மைக்ரோஸ்கோப் என்று இதைச் சொல்லலாம். பார்க்கிற தளத்துக்கு மட்டும் ஒளி. மற்ற இடத்துக்குச் சேதம் இல்லை. புள்ளி புள்ளியாக இல்லாமல், ஒரு தளம் முழுவதையும் கேமரா ஒரே அடியில் எடுத்துவிடும். தாளை மேலும் கீழும் நகர்த்தினால் முப்பரிமாணப் படம் தயார்.

2013-இல் அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வகத்தில் மிஷா ஆரன்ஸும் ஃபிலிப் கெல்லரும் இதே வழியில் ஒரு வரிக்குதிரை மீன் குஞ்சின் மூளை முழுவதையும் படமெடுத்தார்கள். அந்த மூளையில் சுமார் ஒரு லட்சம் நரம்புச் செல்கள். அவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் தனித்தனியாகத் தெரிந்தன, 1.3 நொடிக்கு ஒரு முறை முழு மூளையும் ஒரு சுற்று. நம் ஊரிலும் வேலை நடக்கிறது: பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் பார்த்தா பிரதிம் மண்டலின் குழு ஒளித்தாள் முறையில் கருவிகள் செய்துவருகிறது.

"அப்ப எலிக்கும் இதையே வைக்க வேண்டியதுதானே?"

"இன்னும் கொஞ்சம் பால் ஊத்துங்க தம்பி."

ஊற்றினார். கோடு தடித்தது, கலங்கியது, பாதி டம்ளரைத் தாண்டாமலேயே சிவப்புப் புகையாகப் பரவி நின்றுவிட்டது. மீன் குஞ்சு முதல் டம்ளர். சுண்டெலி மூளை இந்த டம்ளர். பாலில் கொழுப்புத் துளிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. மூளையில் கொழுப்புறை போர்த்திய நரம்பு இழைகளும் செல்களின் சவ்வுகளும் அதையே செய்கின்றன. பக்கவாட்டில் தாள் விரிக்க வழியே இல்லை, மண்டையோடு வேறு குறுக்கே நிற்கிறது.

இங்கே கைகொடுப்பது 1990-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டெங்க், ஸ்டிரிக்லர், வெப் மூவரும் காட்டிய இரட்டை ஃபோட்டான் மைக்ரோஸ்கோப். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி திசுவுக்குள் குறைவாகச் சிதறும். ஆனால் அதன் ஒரு ஃபோட்டானுக்குச் சாயத்தை ஒளிர வைக்கும் தெம்பு இல்லை. இரண்டு ஃபோட்டான்கள் ஒரே கணத்தில் ஒரே மூலக்கூறில் வந்து விழுந்தால்தான் ஒளிரும். அவ்வளவு நெரிசல் குவிமையத்தில் மட்டுமே உண்டு. ஆகவே குவிமையம் மட்டும் ஒளிர்கிறது, ஊசித்துளையே தேவையில்லை. வெளியே வரும் ஒளி எவ்வளவு சிதறினாலும் கவலையில்லை. அது எந்தப் புள்ளியிலிருந்து புறப்பட்டது என்பது நமக்கு முன்பே தெரியும். சுண்டெலியின் மூளைப் புறணிக்குள் அரை மில்லிமீட்டரும் அதற்குக் கீழேயும் இப்படிப் போய்ப் பார்க்கலாம். நரம்புச் செல் வேலை செய்யும்போது உள்ளே கால்சியம் ஏறும். கால்சியத்தோடு சேர்ந்தால் பச்சையாக ஒளிரும் புரதத்தை மரபணு வழியாகச் செல்லுக்குள்ளேயே உண்டாக்க வைத்துவிடுகிறார்கள். தம்பி பார்த்த பச்சை மினுக்கல் அதுதான்.

ஆழம் தீர்ந்தது. ஆனால் நேரம் கையை விட்டுப் போய்விட்டது. தளம் தளமாக எடுத்தது போய், மறுபடி புள்ளி புள்ளியாக எடுக்க வேண்டியதாயிற்று.

கணக்குப் பாருங்கள். வேகமான அதிர்வுக் கண்ணாடிகள் நொடிக்கு 8,000 முறை போய்வந்து ஆடும். போகும்போது ஒரு வரி, வரும்போது ஒரு வரி. 512 வரி கொண்ட ஒரு தளத்துக்கு நொடிக்கு 30 ஃபிரேம் கிடைக்கும். வீடியோக்காரருக்கு இது தாராளம். ஆனால் மூளை ஒரு தளம் இல்லையே! 100 தளங்கள் எடுத்தால் ஒரு சுற்றுக்கு 3 நொடிக்கு மேல் ஆகும். ஒரு நரம்புத் துடிப்பு முடிவதற்கோ ஒரு மில்லி நொடி போதும். அதன் பின்னால் எழும் கால்சியம் மினுக்கல்கூட ஒரு நொடிக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். மாலை மாற்றும்போது மூன்று நொடிக்கு ஒரு ஃபோட்டோ எடுத்துவிட்டு அதற்கு வீடியோ என்று பெயர் வைத்தால் பெண் வீட்டார் பணம் கொடுக்க மாட்டார்கள்.

இன்னொரு விரயமும் உண்டு. நமக்கு வேண்டியது அந்தத் தளங்கள் சேர்ந்த கனசதுரத்தில் ஒரு நூறு செல்கள் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடி அவற்றை மட்டும் தொட்டுத் தொட்டுப் போக முடியாது. எல்லா இடத்தையும் தடவிக்கொண்டுதான் போக வேண்டும். ஏன் தாவ முடியாது? ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேரை முனையில் திருப்புவதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். நேராக ஓடுவதற்கு வடம் போதும். திருப்புவதற்கும் நிறுத்துவதற்கும்தான் முட்டுக்கட்டையும் ஆள்பலமும் நேரமும். எடை இருக்கிறதே. கண்ணாடி எவ்வளவு சிறியதானாலும் எடை எடைதான்: ஓர் இடத்திலிருந்து தொலைவில் உள்ள இன்னோர் இடத்துக்குத் திரும்பி நிலைகொள்ளச் சில நூறு மைக்ரோ நொடி ஆகும். ஆழத்தை மாற்ற லென்ஸையே தூக்கி இறக்குவது அதைவிட மோசம், பல மில்லி நொடி பிடிக்கும். லென்ஸுக்கும் மூளைக்கும் நடுவே தண்ணீர் வேறு இருக்கும். லென்ஸ் குதித்தால் அது மூளையையும் சேர்த்துத் தள்ளும்.

ஆகவே எடையே இல்லாத ஒன்றை வைத்து ஒளியைத் திருப்ப வேண்டும். சத்தத்தை வைத்துத் திருப்பலாம்.

"சத்தத்தை வச்சா? ஸ்பீக்கரா?"

"நீங்க பி.இ. தானே? முதல் வருஷம் ஃபிசிக்ஸ்ல அல்ட்ராசானிக்ஸ் படிச்சிருப்பீங்க."

கொஞ்சம் யோசித்தார். "அக்கூஸ்டிக் கிரேட்டிங்! பதினாறு மார்க் கேள்விண்ணே. படம் போட்டா பாதி மார்க் வந்துரும்."

தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான பொறியியல் பிள்ளைகள் அந்தப் படத்தை வரைந்திருப்பார்கள். ஒரு தொட்டியில் திரவம், அடியில் குவார்ட்ஸ் படிகம், குறுக்கே சோடியம் விளக்கின் ஒளி, அந்தப் பக்கம் வரிசையாக வெளிச்சக் கோடுகள். எதற்காக வரைகிறோம் என்றால், திரவத்தில் ஒலியின் வேகத்தைக் கண்டுபிடிக்க. பாடம் அதோடு முடிந்துவிடும். அந்தக் கோடுகள் ஏன் அப்படி வருகின்றன என்று முழுக் கணக்கும் போட்டவர் இதே திருவானைக்காவலில், தாய்வழித் தாத்தா வீட்டில், 1888 நவம்பர் 7 அன்று பிறந்தவர் என்பதைப் பாடம் பெரும்பாலும் சொல்வதில்லை.

சி.வி. ராமனைச் சொல்கிறேன். ஊர் அவரைக் கொண்டாடாமல் இல்லை. பிப்ரவரி 28 வந்தால் ராமன் விளைவு, 1930 நோபல், கடல் ஏன் நீலம் என்று எல்லாப் பள்ளியிலும் பேச்சுப் போட்டி நடக்கும். அப்பாவுக்கு விசாகப்பட்டினத்தில் வேலை கிடைத்துக் குடும்பம் கிளம்பியபோது ராமனுக்கு நான்கு வயதுகூட நிரம்பவில்லை. அதனால் நாம் ரொம்பவும் மார்தட்டிக்கொள்ள முடியாது. ஆனால் கொண்டாடுவதானால் நோபல் வாங்கிய வேலையோடு நின்றுவிடுவானேன்? அவருடைய வேலைகளில் எனக்குப் பிடித்தது இன்னொன்று.

ராமனுக்கு ஒளி ஒரு கண், ஒலி ஒரு கண். 18 வயதில், 1906-இல், அவர் வெளியிட்ட முதல் கட்டுரை ஒளியின் விளிம்பு விளைவைப் பற்றியது. பிறகு வயலின் நரம்பு, மிருதங்கம் என்று நெடுநாள் ஒலியில் கிடந்தார். மிருதங்கத்து வலந்தலையின் நடுவில் கறுப்பாக இருக்கும் கரணைதான் அந்தத் தோலைச் சுருதியோடு பேச வைக்கிறது என்று 1920-இல் ஒரு குறிப்பும், 1934-இல் விரிவான கட்டுரையும் எழுதினார். அப்போது அவர் பெங்களூரில், இந்திய அறிவியல் நிறுவனத்தில். அடுத்த ஆண்டே, 1935-இல், நாகேந்திர நாத் என்ற இளம் ஆய்வாளரோடு சேர்ந்து ஒளியையும் ஒலியையும் ஒரே கட்டுரையில் சந்திக்க வைத்தார்.

பிரச்சினை இது. 1932-இல் அமெரிக்காவில் டிபையும் சியர்ஸும், பிரான்சில் லூக்காவும் பிக்காரும் தனித்தனியாக ஒரு விஷயத்தைப் பார்த்தார்கள். திரவத்துக்குள் காதுக்கெட்டாத மீயொலியை அனுப்பி, குறுக்கே ஒளியை விட்டால், ஒரு கோடாகப் போன ஒளி பல கோடுகளாகப் பிரிந்து வந்தது. சத்தத்தைக் கூட்டினால் நடுக்கோடு மங்கி, பக்கத்துக் கோடு பிரகாசமாகி, மறுபடி நடுக்கோடு எழுந்து, வெளிச்சம் கோட்டுக்குக் கோடு அலைந்தது. அப்போது கையில் இருந்த விளக்கங்கள் இதற்குப் போதவில்லை.

ராமனும் நாத்தும் சொன்னது கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். ஒலி என்பது திரவத்தில் நெருக்கமும் தளர்வும் மாறி மாறி வருவது. நெருக்கமான இடத்தில் ஒளி ஒரு துளி மெதுவாகப் போகும், தளர்ந்த இடத்தில் ஒரு துளி வேகமாக. ஒரு சென்டிமீட்டர் தண்ணீரைக் கடக்க ஒளிக்கு 50 பிக்கோ நொடிகூட ஆகாது. அதற்குள் ஒலி நகரும் தூரம் 0.1 மைக்ரோமீட்டரை எட்டாது. ஒளியைப் பொறுத்தவரை ஒலி உறைந்து நிற்கிறது. தட்டையாக உள்ளே போன ஒளி அலைமுகப்பு, சில இடங்களில் பின்தங்கி, சில இடங்களில் முந்தி, அலை அலையாக நெளிந்து வெளியே வருகிறது. எங்கும் இருட்டாக்கப்படவில்லை, வெளிச்சம் எங்கும் குறையவில்லை, முன்பின் மட்டும் மாறியிருக்கிறது. அப்படி நெளிந்த முகப்பு தூரத்தில் போய்ச் சேரும்போது எந்தெந்தக் கோணத்தில் எவ்வளவு பிரகாசம் என்பதற்குப் பெசல் சார்புகள் என்ற கணிதத்தில் நேரடி விடை கிடைக்கிறது. கோட்டுக்குக் கோடு அலைந்த வெளிச்சம் அந்தக் கணக்குக்குள் அப்படியே அடங்கியது. 1935, 1936 இரண்டு ஆண்டுகளில் ஐந்து பகுதிகளாக இந்தக் கட்டுரைகள், ராமனே 1934-இல் தொடங்கிய இந்திய அறிவியல் கழகத்தின் இதழில் வந்தன. உலகம் இன்றும் ராமன்-நாத் என்றுதான் சொல்கிறது.

இனி படிகத்துக்கு வரலாம். தொட்டியை எடுத்துவிட்டு டெலூரியம் டை ஆக்சைடு என்ற ஒளிபுகும் படிகத்தை வைக்கிறார்கள். விரல் பருமன் இருக்கும். ஒரு பக்கத்தில் மின்சாரத்தை அதிர்வாக மாற்றும் சில்லு ஒட்டியிருக்கும். இந்தப் படிகத்தில் ஒரு திசையில் ஒலியின் ஒருவகை அலை நொடிக்கு 617 மீட்டர்தான் போகும். திடப்பொருளுக்கு இது ஆமை வேகம். நொடிக்கு 7.5 கோடி அதிர்வுள்ள சத்தத்தை அனுப்பினால், படிகத்துக்குள் ஓர் அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள இடைவெளி 8 மைக்ரோமீட்டர் சொச்சம். ஒளி அதில் பட்டுத் திரும்பும். சுருதியைக் கூட்டினால் இடைவெளி குறுகி ஒளி இன்னும் அதிகமாகத் திரும்பும். குறைத்தால் குறைவாகத் திரும்பும். எதுவும் சுழலவில்லை, எதுவும் நகரவில்லை. பழைய சத்தம் வெளியேறிப் புதுச் சத்தம் ஒளிக்கற்றையின் அகலத்தை நிரப்பும் வரை காத்திருந்தால் போதும். 15 மில்லிமீட்டர் அகலத்துக்கு அது 24 மைக்ரோ நொடி. பக்கத்துப் புள்ளிக்குத் தாவினாலும் கோடிப் புள்ளிக்குத் தாவினாலும் அதே 24 மைக்ரோ நொடிதான்.

ஆழத்துக்கு என்ன வழி? இங்கேதான் வித்தை. ஒரே சுருதியாக இல்லாமல், ஏறிக்கொண்டே போகும் சுருதியை அனுப்புங்கள். எந்தக் கணத்தில் பார்த்தாலும் படிகத்தின் ஒரு முனையில் முகடுகள் அடர்த்தியாகவும் மறுமுனையில் தள்ளித் தள்ளியும் இருக்கும். ஒரு முனையில் விழுந்த ஒளி அதிகமாகவும் மறுமுனையில் விழுந்தது குறைவாகவும் திரும்பினால், இரண்டும் ஓர் இடத்தில் சேரும். அதாவது படிகம் லென்ஸ் ஆகிவிட்டது. சுருதி எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை மாற்றினால் குவியும் ஆழம் மாறும். ஆனால் சத்தம் ஓடிக்கொண்டிருப்பதால் குவிமையமும் பக்கவாட்டில் ஓடும். எதிர்த்திசையில் சத்தம் ஓடும் இன்னொரு படிகத்தைப் பின்னால் வைத்தால் ஓட்டம் நின்றுவிடும். இடவலத்துக்கு இரண்டு, முன்பின்னுக்கு இரண்டு, ஆக நான்கு படிகங்கள். மூன்று திசையிலும் எங்கு வேண்டுமானாலும் தாவலாம்.

2008-இல் ஹூஸ்டனின் பெய்லர் மருத்துவக் கல்லூரியில் ரெட்டி, சாகவ் குழுவினர் இப்படி மூளைத் திசுவின் நரம்புச் செல்களை முப்பரிமாணத்தில் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். 2012-இல் புடாபெஸ்டில் பலாஷ் ரோஷாவின் குழு உயிருள்ள சுண்டெலியின் மூளையில் செய்தது. 2016-இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஆங்கஸ் சில்வரின் குழு, விழித்து இயங்கிக்கொண்டிருக்கும் சுண்டெலிகளில் செய்தது. நூறு செல்களுக்கு ஒரு சுற்று மூன்று மில்லி நொடிக்குள் அடங்கிவிடுகிறது என்றால், ஒவ்வொரு செல்லையும் நொடிக்கு முந்நூறு தடவைக்கு மேல் எட்டிப் பார்க்கலாம். தம்பியின் கேள்விக்குப் பதில் அதுதான்: இங்கே ஃபிரேமே கிடையாது. வேண்டிய ஆளை வேண்டிய நேரத்தில் பார்ப்பது.

"எலி அசைஞ்சா? கேமரால ஸ்டெபிலைசர் இருக்கற மாதிரி எதாவது?"

இதுவும் தொழில் தெரிந்தவர் கேட்கும் கேள்வி. மூச்சு விட்டாலே மூளை சில மைக்ரோமீட்டர் நகரும். புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் செல் நழுவிப் போய்விடும், அது அணைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். 2020-இல் சில்வர் குழு, ஒளிரும் ஒரு குறிப்புப் பொருளை இடையிடையே பார்த்து, மூளை நகர்ந்த அளவுக்குச் சத்தத்தின் சுருதியை உடனுக்குடன் மாற்றிப் பின்தொடரும் ஏற்பாட்டை வெளியிட்டது.

எல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது. நான்கு படிகங்களிலும் ஒளி கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைகிறது. 100 ஃபெம்டோ நொடி நீளமுள்ள லேசர் துடிப்பு அவ்வளவு தடிமனைக் கடப்பதற்குள் இழுபட்டு நீண்டு, இரண்டு ஃபோட்டான் சேரும் நெரிசலை இழக்கிறது; அதைச் சரிக்கட்டத் தனி ஒளியியல் வேண்டும். ஒளி திரும்பும் கோணம் மொத்தமே இரண்டு மூன்று டிகிரி. விலையும் மிரட்டும். தெளிவான மீன் குஞ்சு கையில் இருக்கும்போது இதைத் தேடிப் போவது வீண், ஒளித்தாள்தான் ராஜா. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எலிசபெத் ஹில்மன் 2015-இல் ஒரே லென்ஸ் வழியாகச் சாய்வாகத் தாள் விரித்து அசையும் பூச்சிப் புழுவைக்கூடப் படமெடுத்துக் காட்டினார். கலங்கலான திசுவில், சிதறிக் கிடக்கும் சில நூறு செல்களின் பேச்சை ஒரே நேரத்தில் கேட்க வேண்டும் என்றால், அப்போது சத்தப் படிகத்துக்கு ஈடு கம்மி.

ராமன் இந்த மைக்ரோஸ்கோப்பைக் கண்டுபிடித்தார் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம். அவர் அந்தக் கட்டுரைகளை எழுதிய காலத்தில் லேசரே இல்லை. தொட்டிச் சோதனையில் வருவதுபோல் ஒளி பல கோடுகளாகப் பிரிந்தால் மைக்ரோஸ்கோப்புக்கு உதவாது. படிகத்தைத் தடிமனாக்கி, சுருதியை உயர்த்தி, ஒளியைச் சரியான சாய்வில் விட்டு, ஒரே கோட்டில் பெரும்பங்கு வெளிச்சம் போகும்படி செய்கிறார்கள். அந்த நிலைக்கு ராமன் பெயர் இல்லை, பிராக் என்ற இன்னோர் இயற்பியலாளரின் பெயர்தான் இருக்கிறது. ஆனால் மெல்லிய தொட்டியிலிருந்து தடித்த படிகம் வரை இரண்டு நிலையையும் ஒரே சமன்பாட்டுத் தொகுதியில் அடக்கியது ராமன்-நாத் கட்டுரைகளின் பிற்பகுதிகள்தான். இந்தத் துறையின் பாடப்புத்தகங்கள் தொடங்குவதும் அங்கிருந்துதான். எனக்கு அந்தப் பெருமை போதும்.

அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பான ராமன் விளைவும் வேறு வழியாக மைக்ரோஸ்கோப்புக்குள் வந்துவிட்டது. 2008-இல் ஹார்வர்டில் சன்னி ஷீயின் குழு, சாயமே ஏற்றாமல், மூலக்கூறுகளின் ராமன் அதிர்வைத் தூண்டிவிட்டுக் கொழுப்பையும் புரதத்தையும் பிரித்துக் காட்டும் முறையைக் கொண்டுவந்தது. அறுவை அரங்கிலேயே மூளைக்கட்டித் திசுவைச் சில நிமிடத்தில் பார்க்க அது பயன்படுகிறது. அதைச் சொல்ல இன்னொரு டீ வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்த எழுத்தாளர் சுஜாதா இருந்திருந்தால் இதை இரண்டு பக்கத்தில் முடித்திருப்பார். நான் இவ்வளவு நீட்டியது ஒரு வேண்டுகோளுக்காக. திருச்சியைச் சுற்றி எத்தனை பொறியியல் கல்லூரிகள், எத்தனை இயற்பியல் துறைகள்! அக்கூஸ்டிக் கிரேட்டிங் நடத்தும் ஆசிரியர்களே, அந்தப் படத்தைக் கரும்பலகையில் போட்டதும் அதன் கீழே ராமன், நாகேந்திர நாத், 1935 என்று ஒரு வரி எழுதுங்கள். முதல் கட்டுரை ஏழே பக்கம். இந்திய அறிவியல் கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டுக் கணிதம் தெரிந்த பிள்ளை உட்கார்ந்து வாசித்தால் புரியும். வாசிக்கச் சொல்லுங்கள்.